வெடிமருந்தும் ஊர்க் கட்டுப்பாடும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்விழாவில் இருபது நிமிடம் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் கட்டளையிட்டார்கள். நாம் மேடைப் பேச்சில் பழகியவர் அல்லோம். சட்டம் பயின்றவரும் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறி, இரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்சல் சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆதலின் சொல்லில் பிழை காணின் பொறுத்தருள வேண்டுகிறோம்.

நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்று விந்தையானது: துப்பாக்கிக்கும் வெடிமருந்துக்கும் ஊரார் விதித்த கட்டுப்பாடுகளின் வரலாறு. தமிழ்ச் சங்க மேடையில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று சிலர் நகைக்கக்கூடும். இப்பொருளை நமக்குத் தந்தவன் நம் காலனியில் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுவன். ஒருநாள் மாலை தொலைக்காட்சியில், அமெரிக்க நாட்டுப் பள்ளி ஒன்றில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டைப் பற்றிய செய்தி ஓடிற்று. அதைக் கண்ட சிறுவன், "மாமா! அங்கே கடையில் துப்பாக்கி வாங்கலாமாமே, நம் ஊரில் ஏன் வாங்க முடியாது?" என்று கேட்டான். "சட்டம் இடம் கொடாது" என்றோம். "அந்தச் சட்டத்தை யார் போட்டது?" என்று மறுபடியும் கேட்டான். நமக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல நாணி, காப்பி ஆறுகிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டோம். அதன்பின் ஓய்வு நேரங்களில் நூல்களைத் தேடிப் படித்தோம். படித்ததையே இன்று உங்கள்முன் வைக்கிறோம்.

முதலில், நாம் குடியேறி வாழும் இந்த நிலத்திற்கு வெடிமருந்து புதிதன்று. ஸ்ரீ சிட்டி 2008-ஆம் ஆண்டில் தோன்றியது. ஆனால் தடாவின் கிழக்கே விரிந்து கிடக்கும் பழவேற்காட்டு ஏரியின் கதை பழையது. அந்த ஏரியின் தென்கோடியில், பழவேற்காட்டில், 1613-ஆம் ஆண்டில் டச்சுக்காரர் கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பினர். பதினேழாம் நூற்றாண்டில் அங்கே வெடிமருந்து ஆலை வைத்து, கிழக்குத் தீவுகளில் இருந்த தங்கள் கோட்டைகளுக்கும் கப்பல்களுக்கும் அனுப்பினர். வெடியுப்பு, கந்தகம், அடுப்புக்கரி ஆகிய இம்மூன்றின் கலவையே கருமருந்து. நூறு பங்கில் ஏறத்தாழ எழுபத்தைந்து பங்கு வெடியுப்பு. அந்த உப்பும் நம் நாட்டு மண்ணிலிருந்து காய்ச்சி எடுக்கப்பட்டதே. இன்றும் அதே ஏரிக்கு அப்பால், ஸ்ரீஹரிகோட்டாவில், விண்கலத்தை ஏவும் திட எரிபொருளை வார்க்கிறார்கள். ஆகவே இந்த ஏரிக்கரை நானூறு ஆண்டுகளாக மருந்தின் வாசனை அறிந்த கரை.

இனி, சட்டம் போட்டவர் யார் என்னும் கேள்விக்கு வருவோம்.

பாளையக்காரர் காலத்தில் தென்னாட்டுச் சிற்றூர்களில் வேலும் வாளும் மட்டுமல்ல, துப்பாக்கியும் இருந்தது. பயிர்க்காவல், ஊர்க்காவல் எல்லாம் ஆயுதம் தாங்கிய காவலர் பொறுப்பு. 1801-ஆம் ஆண்டு மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தது. அக்டோபரில் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். நவம்பரில் ஊமைத்துரையும் தூக்கு மேடை ஏறினார். அதன் அடுத்த மாதமே, சென்னை கவர்னர் கிளைவ் பிரபு ஓர் அறிக்கை வெளியிட்டார். இவர் பிளாசியில் போரிட்ட கிளைவின் மைந்தர். தென்பாளையங்களில் இனி எவரும் ஆயுதம் தாங்கலாகாது. மீறுவோர் கடுந்தண்டனைக்கு ஆளாவர் என்பது அதன் சாரம். கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. நம் அருகிலுள்ள சித்தூர்ப் பாளையங்களும் வாளாவிருக்கவில்லை. அங்கும் 1804, 1805-ஆம் ஆண்டுகளில் கிளர்ச்சி எழுந்து, கும்பினிப் படையால் அடக்கப்பட்டது.

பின்னர் 1857-ஆம் ஆண்டின் பெருங்கிளர்ச்சி வந்தது. அதன் அச்சம் வெள்ளையர் உள்ளத்தை விட்டு நீங்கவேயில்லை. லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது, 1878-ஆம் ஆண்டில், இந்திய ஆயுதச் சட்டம் நாடெங்கும் பிறந்தது. உரிமம் இன்றி இந்தியர் எவரும் துப்பாக்கி ஏந்தலாகாது. ஐரோப்பியருக்கோ அதன் விதிகள் விலக்களித்தன. இந்திய மொழி இதழ்களுக்கு வாய்ப்பூட்டு இட்ட சட்டமும் அதே 1878-இல் வந்ததுதான். ஒரே ஆண்டில் நாவுக்கு ஒரு பூட்டு, கைக்கு ஒரு பூட்டு.

நம் முன்னோர் இதைப் பொறுத்துக்கொண்டு வாளா இருந்தனர் என்று எண்ணற்க. 1887-ஆம் ஆண்டு, பத்ருத்தீன் தயாப்ஜி தலைமையில் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் மகாசபை, இச்சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று தீர்மானம் இயற்றியது. அகிம்சையே உயிரெனக் கொண்ட காந்தியடிகளும், 1930 ஜனவரியில் வைசிராய்க்கு விடுத்த பதினொரு கோரிக்கைகளில் இதையும் சேர்த்தார். தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும். ஆனால் அது மக்களின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்றார். இந்தப் பின்பகுதியைக் குழந்தைகள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுப்பாடே கூடாது என்று அவர் கேட்கவில்லை. யாருடைய கட்டுப்பாடு என்பதே அவர் எழுப்பிய வினா.

அப்படியாயின், துப்பாக்கிக்கும் மருந்துக்கும் இடும் விதியெல்லாம் அந்நியன் இட்ட விலங்குதானா? இதற்கு விடை காண, சிறுவன் சொன்ன அமெரிக்காவுக்கே செல்வோம்.

அந்நாட்டில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமை 1791-ஆம் ஆண்டிலேயே அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தமாக எழுதப்பட்டது என்பது உலகறிந்த செய்தி. பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. அதற்கு முன்னரே அங்குள்ள ஊர்கள் மருந்துக்கு விதி வகுத்திருந்தன. பாஸ்டன் நகரம் மரவீடுகள் நெருங்கிய நகரம். 1760-இல் பெருந்தீயைக் கண்ட நகரம். அந்த நகரத்திற்கென்று 1783-இல் ஒரு சட்டம் வந்தது. வீட்டிலோ, கொட்டிலிலோ, கிடங்கிலோ மருந்து கெட்டித்த துப்பாக்கியை வைக்கலாகாது. வைத்தால் துப்பாக்கி பறிமுதல், பத்து பவுன் அபராதம். ஏன் தெரியுமா? ஒரு வீடு தீப்பற்றினால் அண்டை வீட்டார் வாளி நீருடன் ஓடி வருவர். உள்ளே கெட்டித்து வைத்த துப்பாக்கி வெப்பத்தில் வெடித்தால், தீயணைக்க வந்தவன் மாள்வான். உதவிக்கு வருபவனின் உயிரைக் காக்கவே அந்த விதி என்று அச்சட்டமே கூறுகிறது.

நியூயார்க் நகரத்துக்கு அடுத்த ஆண்டு, 1784-இல், ஒரு சட்டம் வந்தது. ஒருவர் தம் இடத்தில் 28 ராத்தலுக்கு மேல் மருந்து வைக்கலாகாது. அந்த 28 ராத்தலையும் ஒரே பாத்திரத்தில் வைக்கலாகாது. ஏழு ஏழு ராத்தலாக நான்கு கற்சாடிகளில் அல்லது தகரக் குவளைகளில் பிரித்து வைக்க வேண்டும். அதற்கு மேற்பட்டதை ஊருக்குப் பொதுவான மருந்துக் கிடங்கில் சேர்க்க வேண்டும். சுதந்திரத்திற்காகத் துப்பாக்கி ஏந்திப் போரிட்டவர்களே, போர் ஓய்ந்ததும் தங்களுக்குத் தாங்களே இட்டுக்கொண்ட விதிகள் இவை.

அந்நாட்டையும் முற்றிலும் புகழ்வதற்கில்லை. அடிமைகளாக வைத்திருந்த கறுப்பின மக்களுக்கும் பழங்குடியினருக்கும் ஆயுதம் மறுத்த சட்டங்களும் அதே குடியேற்ற நாடுகளில் இருந்தன. ஆகவே அங்கும் இருவகை விதிகள். ஒன்று, ஆள்பவன் ஆளப்படுபவனைக் கண்டு அஞ்சி இட்டது; அது ஒருவனுக்குப் பொருந்தும், மற்றவனுக்குப் பொருந்தாது. மற்றொன்று, அண்டை வீட்டான் உயிரை எண்ணி இட்டது. அது செல்வனுக்கும் ஏழைக்கும் ஒன்றே. விதியின் தன்மையை அறிய வேண்டுமாயின், அது எல்லோருக்கும் ஒன்றா என்றும், யார் உயிரைக் காக்கிறது என்றும் கேட்டுப் பார்த்தால் போதும்.

இந்த உரைகல்லை எடுத்துக்கொண்டு மீண்டும் நம் நாட்டுக்கு வருவோம். 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தை உரைத்துப் பார்த்தோம்; அது தேறவில்லை. ஆனால் ஆறே ஆண்டுகள் கழித்து, 1884-இல், அதே வெள்ளையர் அரசு வெடிபொருட் சட்டம் என்னும் வேறொரு சட்டத்தை இயற்றியது. வெடிபொருளைச் செய்வதற்கும், வைத்திருப்பதற்கும், விற்பதற்கும், கொண்டு செல்வதற்கும் வரையறை செய்த சட்டம் அது. அதற்கு முன்னோடி இங்கிலாந்தின் 1875-ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில், இலண்டன் ரீஜண்ட் கால்வாயில் மருந்து ஏற்றிச் சென்ற படகொன்று பாலத்தின் அடியிலேயே வெடித்தது. படகிலிருந்தோர் மாண்டனர், பாலம் தகர்ந்தது. அத்தகைய விபத்துகள் கற்பித்த பாடமே இச்சட்டங்களின் வித்து. ஒரே அரசு, ஆறாண்டு இடைவெளியில், அச்சத்தால் ஒரு சட்டமும் அக்கறையால் ஒரு சட்டமும் இயற்றியது.

சுதந்திரம் வந்தபின் நம்மவர் என்ன செய்தனர்? ஆயுதம் தாங்கும் உரிமையை அடிப்படை உரிமைகளில் சேர்க்க வேண்டும் என்று 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் வாதாடினார். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை, சபையும் ஏற்கவில்லை. 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, 1959-இல் நம் நாடாளுமன்றமே புதிய ஆயுதச் சட்டம் இயற்றியது. அது 1962 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதில் நிறம் பார்த்து விலக்கு இல்லை. பயிரைக் காக்க வேண்டிய உழவன், வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்டால், அதற்கும் அச்சட்டத்தில் இடமுண்டு. குடகு நாட்டில் 1861 முதல் இருந்துவரும் விலக்கை மத்திய அரசு 2019-இல் மேலும் பத்தாண்டு நீட்டித்தது. ஆயுதத்தை வைத்து வழிபடும் அவர்கள் மரபுக்குச் சட்டம் இடம் கொடுத்தது. அதே 2019-இல் வந்த திருத்தம், ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தது. இவற்றில் குறை காண்போர் இருக்கலாம். ஆனால் மாற்ற வேண்டுமாயின் நாமே மாற்றலாம். அதுதான் 1878-க்கும் இன்றைக்கும் உள்ள வேற்றுமை.

துப்பாக்கியின் கதை இம்மட்டில் நிற்க. நம் காலனியில் எவரிடமும் துப்பாக்கி இல்லை. ஆனால் மருந்து உண்டு. ஆண்டுதோறும் தீபாவளிக்கு உண்டு. எனவே இனிச் சொல்லப்போவது நம் வீட்டுச் செய்தி.

நாம் பிறந்தது சாத்தூர்ப் பக்கம். நம் தாய்மாமன் பட்டாசுத் தொழிலாளி. மருந்து செலுத்தும் அறையில் வேலை. அத்தொழிலில் ஓர் அறையில் நால்வருக்கு மேல் அமரலாகாது என்பது விதி. அறைக்கும் அறைக்கும் இவ்வளவு தூரம் வேண்டும், அன்றன்று கலந்த மருந்தை மறுநாளைக்கு வைக்கலாகாது என்றெல்லாம் கட்டுப்பாடுகள் உண்டு. தீபாவளி நெருங்கிய ஒரு வாரத்தில் அந்த அறையில் எழுவர் அமர்த்தப்பட்டனர். உராய்வில் பொறி எழுந்தது. நால்வர் எளிதில் வெளியேறக்கூடிய வாயிலில் எழுவர் முட்டிக்கொண்டனர். மாமன் உயிர் தப்பினார். வலக்கையில் மூன்று விரல்கள் போயின. பல ஆண்டு கழித்து ஒருநாள் அவர் நம்மிடம் சொன்னார்: "மருமகனே! அந்த விதியை எழுதினவன் வெள்ளைக்காரனோ நம்மவனோ, எனக்குத் தெரியாது. ஆனால் என் விரல்மேல் எனக்கே இல்லாத அக்கறை அவனுக்கு இருந்திருக்கிறது." பள்ளிக்கூடம் பாராத அவர் வாக்கிலிருந்தே, சற்று முன் சொன்ன உரைகல்லை நாம் பெற்றோம்.

இது ஒரு மாமனின் கதை மட்டுமன்று. 2012 செப்டம்பரில் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். 2016 ஏப்ரலில் கேரளத்தின் பரவூர்க் கோயில் வாணவேடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். கற்றறிந்த பொறியாளர் பணிபுரியும் ஸ்ரீஹரிகோட்டாவிலேயே 2004 பிப்ரவரியில் திட எரிபொருட் பிரிவில் நேர்ந்த விபத்தில் அறுவர் உயிரிழந்தனர். மருந்துக்குப் படித்தவன் படியாதவன் என்ற வேறுபாடு இல்லை.

எம் இரயில்வேக்கும் இதில் பங்குண்டு. ஆபத்தான சரக்குகளுக்கென்று 'ரெட் டாரிஃப்' என்னும் தனி விதிநூல் எங்கள் துறையில் உண்டு. பயணிகள் பட்டாசைப் பெட்டியில் கொண்டு வரலாகாது. 1989-ஆம் ஆண்டு இரயில்வேச் சட்டத்தின் 164-ஆம் பிரிவின்படி அதற்கு மூன்றாண்டு வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆயினும் ஒவ்வொரு தீபாவளிக்கும் துணிமூட்டைக்குள் பட்டாசு வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் அப்படி வந்த ஓர் இளைஞரை நிறுத்தினோம். "அண்ணே, எல்லோரும்தான் கொண்டு போகிறார்கள். இந்தச் சட்டமெல்லாம் வெள்ளைக்காரன் காலத்தது" என்றார். அவர் சொன்னது பாதி உண்மை. வெள்ளைக்காரன் காலத்திலும் அவ்விதி இருந்தது. ஆனால் பாதுகாக்கப்படுபவர், அவருக்கு எதிர் இருக்கையில் கைக்குழந்தையுடன் அமர்ந்திருந்த பெண்மணி. அஞ்சி இட்ட சட்டத்தால் நாம் பட்ட துன்பத்தின் நினைவில், அக்கறையால் இட்ட சட்டத்தையும் ஏமாற்றப் பழகிவிட்டோம். நாம் சொல்ல வந்த செய்தி இதுவே.

இப்போது நம் குற்றத்தைச் சொல்ல வேண்டிய இடம் வந்தது. சென்ற தீபாவளிக்குச் சங்கத்தின் பொதுக் கொள்முதல் பொறுப்பு நம்மிடம் இருந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். விலை மலிவு என்று பத்து நாள் முன்னதாகவே வாங்கி, பதினான்கு அட்டைப் பெட்டிகளை இம்மன்றத்தின் மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் அடுக்கினோம். சுவருக்கு அப்புறம் சமையல் கூடம். அங்கே எரிவாயு உருளைகள். இரயிலில் பிறருக்கு விதி சொன்ன நாம், இங்கே விதியை நினைக்கவில்லை. நம்மவர் பெட்டி, நம்மவர் அறை என்னும் எண்ணம் கண்ணை மறைத்தது. ஒருநாள் இரவு மின்சாரம் நின்றது. பந்து உருண்டு போயிற்று என்று ஒரு குழந்தை மெழுகுவத்தியை ஏற்றிக்கொண்டு அந்த அறைக்குள் சென்றது. நாம் வாயிலில் நின்று கண்டோம். கத்தினால் குழந்தை பதறி மெழுகுவத்தியைப் போட்டுவிடும் என்று அஞ்சி, மெல்ல நடந்து சென்று, அதன் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தோம். ஒன்றும் நேரவில்லை. ஆனால் அன்றிரவு நாம் உறங்கவில்லை. மாமனின் கை கண்முன் நின்றது. இதுவரை எவரிடமும் சொல்லவில்லை. இன்று சபையில் சொல்கிறோம்.

தற்காலிகப் பட்டாசுக் கடைகளுக்குக்கூட, 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் எரியாத பொருளாலான கொட்டகை வேண்டும் என்கின்றன. கடைக்கும் கடைக்கும் மூன்று மீட்டராவது இடைவெளி வேண்டும். கடைகள் எதிரெதிராக இருத்தலாகாது. எண்ணெய் விளக்கோ திறந்த சுடரோ கூடாது. ஒரு கடைக்காரருக்கு உள்ள கட்டுப்பாடு நம் சங்கத்துக்கு இல்லை என்று எண்ணுவது முறையன்று.

ஆதலின் மூன்று செய்திகளைச் சங்கத்தின் முன் வைக்கிறோம். முதலாவது, இனி இம்மன்றத்தில் ஓர் இரவுகூடப் பட்டாசு வைக்கலாகாது. உரிமம் பெற்ற கடையில் அவரவர் வேண்டிய அளவு அன்றன்றைக்கு வாங்கிக்கொள்வோம். இரண்டாவது, ஊரிலிருந்து வரும் உறவினர் எவரும் இரயிலிலோ பேருந்திலோ பட்டாசு கொண்டு வரலாகாது என்று முன்கூட்டியே கடிதமோ செய்தியோ அனுப்புவோம். மூன்றாவது, திடலில் ஒரே இடத்தில், நீர்த்தொட்டியும் மணல் வாளியும் அருகிருக்க, பெரியவர் இருவர் மேற்பார்வையில் குழந்தைகள் வெடிக்கட்டும். மத்தாப்பின் ஒளியைக் குழந்தைகளிடமிருந்து பறிப்பது நம் கருத்தன்று.

இதனால் சிறிது பணம் கூடலாம். மொத்தமாக வாங்கும் சலுகை குறையும். சென்ற ஆண்டு நம்மைப் பாராட்டியவர்களே இவ்வாண்டு முணுமுணுக்கவும் கூடும். அதையும் ஏற்கிறோம். பாஸ்டன் நகரத்து மக்களுக்கும் அபராதம் கசந்துதான் இருக்கும். ஆனால் வாளியுடன் ஓடி வந்த அண்டை வீட்டான், தன் வீட்டுக்கு உயிரோடு திரும்பியிருப்பான்.

அச்சிறுவன் இங்கே முன் வரிசையில் அமர்ந்திருக்கிறான். தம்பி! அன்று நீ கேட்ட கேள்விக்கு இன்று விடை சொல்கிறோம். ஒரு சட்டத்தைக் கிளைவ் பிரபு போட்டார். ஒன்றை லிட்டன் பிரபு போட்டார். ஒன்றை நம் நாடாளுமன்றம் போட்டது. இந்தக் கடைசிச் சிறிய விதியை, பெரியோர்கள் இசைந்தால், உன் தாயும் தந்தையும் மாமனும் அத்தையும் கூடியிருக்கும் இந்தச் சபை போடட்டும். தீர்மானமாக முன்மொழிகிறோம், வழிமொழியுமாறு வேண்டுகிறோம்.